பழைய டிரை பைக் வாங்கலாமா? கோலாலம்பூரில் புதிதாக டிரையத்லான் பழகுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போர்ட் டிக்சனில் முதல் போட்டியை முடித்துவிட்டு வருபவர்களுக்கு ஒரு காய்ச்சல் வரும். நீச்சல் பரவாயில்லை, ஓட்டமும் தேறிவிடும், சைக்கிளில்தான் எல்லாரும் தாண்டிப் போனார்கள் என்று தோன்றும். தாண்டிப் போனவர்களில் பாதிப் பேர் முழங்கையை ஊன்றிக் குனிந்தபடி டிரை பைக்கில், அதாவது டிரையத்லானுக்கென்றே செய்த சைக்கிளில், போனார்கள் என்பதும் நினைவுக்கு வரும். அன்று இரவே கரோசெல், முடா, முகநூல் சந்தை என்று இணையச் சந்தைகளில் தேட ஆரம்பித்துவிடுவார்கள். தேடினால் கிடைக்கவும் செய்யும். ஒரு மைவி காருக்கான முன்பணத்தைவிட அதிகம் கொடுத்து யாரோ வாங்கிய கார்பன் சைக்கிள், ஏழெட்டு வருடம் கழித்து கால்வாசி விலைக்கு நிற்கும்.

அவ்வளவு மலிவாக ஏன் விற்கிறார்கள்? பெரும்பாலும் சைக்கிளில் கோளாறு இருப்பதால் அல்ல. டிரை பைக்குக்கு வாங்குபவர்கள் குறைவு. ஒருவருக்குப் பொருந்தும் அளவு அடுத்தவருக்குப் பொருந்தாது. பழைய மாடல்களுக்கு உதிரி பாகம் தேடி அலைய வேண்டும். இந்த மூன்றும் உங்களுக்குப் பிரச்சினை இல்லை என்று தெரிந்தால் அது நல்ல பேரம். தெரியாமல் வாங்கினால், அடுத்த வருடம் அதே கரோசெலில் நீங்கள் விளம்பரம் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

முதலில், எங்கே ஓட்டப் போகிறீர்கள்?

முன்னால் நீண்டிருக்கும் ஏரோ பாரில் முழங்கையை ஊன்றி இருக்கும்போது கை பிரேக்கில் இருக்காது. பிரேக் வெளிப்பக்கத்து பேஸ் பாரில் இருக்கிறது. கையை எடுத்து, உடம்பை நிமிர்த்தி, பிறகுதான் பிடிக்க முடியும். செராஸ், கெப்போங் பக்கம் காலை ஏழு மணிக்கு மேல் அப்படி ஓட்ட நினைக்கவே கூடாது. சந்திலிருந்து நுழையும் மோட்டார் சைக்கிள், தாமானுக்குத் தாமான் வேகத்தடை, மழைக்குப் பின் முளைக்கும் குழி, எதற்கும் அந்த நிலையில் உங்களால் உடனே நிற்க முடியாது.

அதனால் ஒரு கணக்குப் போடுங்கள். வாரத்தில் மொத்தம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், அதில் எத்தனை கிலோமீட்டர் நிஜமாகவே முழங்கை ஊன்றி ஓட்ட முடியும்? ஞாயிறு விடியலில் புத்ராஜெயா, சைபர்ஜெயாவின் அகலமான சாலைகளில் தனியாக ஓட்டுபவருக்கு இந்த எண் பெரிதாக இருக்கும். நண்பர்கள் குழுவோடு ஹுலு லங்காட்டில் கிளம்பி பெராஸ் மேடு ஏறி, இறங்கி, மாமாக் கடையில் ரொட்டி சானாயோடு முடிப்பவருக்கு அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும். குழுவுக்குள் ஏரோ பாரில் குனிவதை விவரம் தெரிந்த எந்தக் குழுவும் ஏற்காது. முன்னால் இருப்பவர் திடீரென்று பிரேக் போட்டால் பின்னால் நான்கு பேர் விழுவார்கள். பினாங்குக்காரர்களுக்கும் இதே கதைதான். தீவைச் சுற்றும் பாதையில் தெலுக் பஹாங் தாண்டி தித்தி கெராவாங் மேட்டில் டிரை பைக் வெறும் பாரம். அந்தப் பக்கம் பாலிக் பூலாவ் நோக்கி இறங்கும் வளைவுகளில் பயமும் சேர்ந்துகொள்ளும்.

அடுத்தது போட்டித் தூரம். ஸ்பிரிண்ட் என்ற குறுந்தூரப் போட்டியில் சைக்கிள் 20 கிலோமீட்டர், ஒலிம்பிக் தூரத்தில் 40. இந்த இரண்டுக்கும் டிரை பைக் தேவையில்லை என்பது என் கருத்து. மேலும், ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி ஓட்ட அனுமதிக்கும் டிராஃப்டிங் போட்டி என்றால் டிரை பைக்கை உள்ளேயே விட மாட்டார்கள். பதிவு செய்வதற்கு முன் விதிகளைப் படித்துவிடுங்கள். 90 கிலோமீட்டர் ஓட்டும் அரை அயர்ன்மேன் தூரத்தில்தான் கேள்வி சூடு பிடிக்கிறது. முன்னால் போகிறவரிடமிருந்து 12 மீட்டர் இடைவெளி விட்டு, மூன்று மணி நேரம் காற்றைத் தனியாகக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். சமதளத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் காலின் உழைப்பில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. அங்கே உடம்பைச் சுருக்கினால் பலன் கண்ணுக்குத் தெரியும். லங்காவி முழு அயர்ன்மேனின் 180 கிலோமீட்டர் என்றால் இன்னும் நியாயம் கூடுகிறது. ஆனால் லங்காவிப் பாதையில் மேடுகளும் உண்டு. அதைப் பிறகு கியர் பற்றிப் பேசும்போது பார்ப்போம்.

இருக்கிற சைக்கிளிலேயே மூன்று மாதம்

ரோட் பைக் வைத்திருப்பவர் முதலில் வாங்க வேண்டியது கிளிப்-ஆன் ஏரோ பார். சில நூறு வெள்ளியில் (ரிங்கிட்) முடிந்துவிடும். உங்கள் ஹேண்டில் பார் கார்பன் என்றால், அதில் கிளிப்-ஆன் பூட்டலாமா என்று தயாரிப்பாளரின் குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். சில கார்பன் பார்கள் அந்த இறுக்கத்தைத் தாங்காது.

பூட்டியபின் சீட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள். வீட்டில் டிரெய்னர், அதாவது சைக்கிளை நிறுத்திவைத்தபடியே மிதிக்க உதவும் கருவி, இருந்தால் அதில் 40 நிமிடம் அசையாமல் அந்த நிலையில் மிதிக்க முடிகிறதா என்று பாருங்கள். கழுத்தும் முதுகும் அழுதால் டிரை பைக்கிலும் அழும். இடுப்பு மடிகிற இடத்தில் மட்டும் நெருக்கினால் அது வேறு விஷயம். ரோட் பைக்கில் சீட் குழாய் ஏறக்குறைய 73 டிகிரி சாய்ந்திருக்கும். டிரை பைக்கில் 76 முதல் 80 வரை நிமிர்ந்திருக்கும். அதனால் அதில் இடுப்பு முன்னால் உருண்டு, தொடை வயிற்றில் இடிக்காமல் சுற்றும். உங்கள் தொந்தரவு இது மட்டும்தான் என்றால், டிரை பைக் உங்களுக்கு உதவும் என்பதற்கு அதுவே நல்ல அறிகுறி.

பலர் இந்தக் கட்டத்திலேயே நின்றுவிடுவார்கள். கிளிப்-ஆன் போதும் என்று தோன்றினால் போதும்தான். அந்தப் பணத்தில் நல்ல டயரும் ஒரு நீச்சல் பயிற்சியாளரும் கிடைப்பார்கள்.

அளவு: இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்

விளம்பரத்தில் "சைஸ் எம், 165 முதல் 175 செ.மீ. வரை" என்று இருக்கும். அதைக் கண்டுகொள்ளாதீர்கள். ஒரு நிறுவனத்தின் 54 சைஸும் இன்னொன்றின் 54 சைஸும் ஒன்றல்ல. நீங்கள் பார்க்க வேண்டியது ஸ்டாக், ரீச் என்ற இரண்டு எண்கள். பெடல் அச்சிலிருந்து ஃபிரேமின் முன்பகுதி எவ்வளவு உயரம், எவ்வளவு முன்னால் என்பதை இவை சொல்லும். மாடலும் வருடமும் தெரிந்தால் இணையத்தில் அந்த அட்டவணை கிடைக்கும்.

சைக்கிள் வாங்கிய பிறகு ஃபிட்டிங், அதாவது உடம்புக்கு ஏற்பச் சைக்கிளைப் பொருத்துவது, செய்துகொள்வதுதான் எல்லாருடைய வழக்கம். பழைய டிரை பைக் விஷயத்தில் அதைத் திருப்பிப் போடுங்கள். முதலில் பைக் ஃபிட்டரிடம் போய், டிரை பைக் நிலையில் உங்கள் முழங்கை எந்த உயரத்தில், எவ்வளவு முன்னால் இருக்க வேண்டும் என்று அளந்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண்கள் கையில் இருந்தால் பத்து விளம்பரங்களில் எட்டை உட்கார்ந்த இடத்திலேயே தள்ளிவிடலாம்.

விற்பவர் பத்து வருடம் ஓட்டிப் பழகிய, வில்லாய் வளைகிற உடம்புக்காரராக இருக்கலாம். அவர் முன்பகுதியை அடி மட்டத்துக்கு இறக்கி வைத்திருப்பார். புகைப்படத்தில் அது அழகாகத்தான் இருக்கும். உங்களுக்கு முழங்கை மெத்தையை ஐந்து சென்டிமீட்டர் ஏற்ற வேண்டுமென்றால், அந்த மாடலுக்கென்றே செய்த ஸ்பேசரும் (உயர்த்த அடியில் வைக்கும் துண்டு) நீளமான போல்ட்டும் வேண்டும். "அண்ணே, மீதி ஸ்பேசர் எல்லாம் வச்சிருக்கீங்களா?" என்று முதல் செய்தியிலேயே கேளுங்கள். "எங்கயோ இருக்கும் தம்பி, தேடிப் பார்க்கிறேன்" என்று பதில் வந்தால், இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

உயரம் குறைந்தவர்களுக்கு இன்னொரு பொறி. பழைய டிரை பைக்குகளில் சிறிய அளவுகளில் பல 650சி சக்கரத்தோடு வந்தன. அதன் ரிம் விட்டம் 571 மி.மீ.; இன்று எல்லாரும் ஓட்டும் 700சி 622 மி.மீ. 650சிக்கு டயரும் டியூபும் எல்லாக் கடையிலும் கிடைக்காது. போட்டிக்கு முந்தைய நாள் டயர் கிழிந்தால் இரவல் வாங்கவும் ஆள் இருக்காது. கிராங்க் நீளத்தையும், அதாவது பெடல் பூட்டும் கையின் நீளத்தையும், பாருங்கள். பழையவற்றில் 172.5 அல்லது 175 மி.மீ. இருக்கும். குனிந்த நிலையில் முழங்கால் மார்பை நோக்கி வருவதால் இப்போது பலர் 165, அதற்கும் குறைவாகக்கூட மாற்றிக்கொள்கிறார்கள். மாற்றுவது தனிச் செலவு.

எளிமையான சைக்கிளாகப் பாருங்கள்

காற்றில் வழுக்குவதற்காக நிறுவனங்கள் ஒரு காலத்தில் எல்லாவற்றையும் ஃபிரேமுக்குள் ஒளித்தன. பிரேக், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்குப் பின்னாலோ பெடலுக்கு அடியிலோ போய் உட்கார்ந்தது. ஹேண்டிலைப் பிடிக்கும் ஸ்டெம், சீட்டைத் தாங்கும் சீட் போஸ்ட், ஏரோ பார் எல்லாம் அந்த மாடலுக்கு மட்டுமே பொருந்தும் வடிவில் வந்தன. புதிதாக இருந்தபோது அது பெருமை. பத்து வருடம் கழித்து ஒரு சீட் போஸ்ட் கவ்வி உடைந்தால், அந்த ஒற்றைத் துண்டுக்காக வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், அதுவும் எங்காவது மிச்சம் இருந்தால்.

என் தேர்வு கவர்ச்சியில்லாததுதான். சாதாரண வட்ட ஸ்டெம் பூட்டக்கூடிய முன்பகுதி, வெளியே தெரியும் சாதாரண ரிம் பிரேக் அல்லது டிஸ்க் பிரேக், கம்பியில் இயங்கும் 11 வேக கியர். செர்வெலோ பி2, பி3 போன்றவை அதிகம் விற்றவை. அதனால் அவற்றைப் பிரித்துப் பூட்டிய மெக்கானிக் கிள்ளான் பள்ளத்தாக்கில் கிடைப்பார். டிஐ2 மின்சார கியர் இருந்தால் அருமை. ஏரோ பார், பேஸ் பார் இரண்டிலிருந்தும் கியர் மாற்றலாம். ஆனால் 10 வேக பழைய டிஐ2 என்றால் நான் தொட மாட்டேன், பாகம் கிடைப்பது கடினம். 11 வேகம் என்றாலும் சார்ஜர் கூட வருகிறதா என்று கேளுங்கள். பலர் அதை மறந்துவிடுவார்கள்.

கூடவே டயர் இடைவெளி. பழைய ஃபிரேம்கள் பல 23 அல்லது 25 மி.மீ. டயருக்கு மேல் ஏற்காது. நம் சாலைகளுக்கு 25 என்பது குறைந்தபட்சம். டியூபுலர், அதாவது பசை போட்டு ரிம்மில் ஒட்டும் டயர் உள்ள சக்கரம் கூட வந்தால், அதற்கு விலை கொடுக்காதீர்கள். புதியவருக்கு அது வேண்டாத வேலை.

நேரில் பார்க்கும்போது

பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முடிந்தால் உங்களுக்குத் தெரிந்த சைக்கிள் கடையில் சந்திக்கலாம் என்று சொல்லுங்கள், மெக்கானிக்குக்குப் பார்க்கும் கூலியைக் கொடுத்துவிடலாம். நேர்மையான விற்பனையாளர் அதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

எல்லாரும் முதலில் ஃபிரேமைத் தட்டிப் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது முன்பகுதியை. டிரை பைக்குக்கு எதிரி மழையைவிட வியர்வை. நம் ஊர் ஈரக்காற்றில், மின்விசிறி போட்ட அறையில் டிரெய்னரில் இரண்டு மணி நேரம் மிதித்தால், குனிந்த முகத்திலிருந்து சொட்டுவது முழுவதும் ஸ்டெம்மிலும், ஹேண்டில் திரும்ப உதவும் ஹெட்செட் பேரிங்கிலும்தான் விழும். அதோடு கைகளுக்கு நடுவே வைத்த பாட்டிலிலிருந்து சர்க்கரைத் தண்ணீரும் சிந்தும். நீண்ட போட்டியில் சிலர் இறங்காமலேயே சைக்கிள் மேலேயே சிறுநீர் கழிப்பார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெக்கானிக்குகளுக்கு இது பழைய கதை.

ஆகவே முழங்கை மெத்தையைப் பிய்த்து எடுங்கள். வெல்க்ரோதான், கேட்டால் விடுவார்கள். அடியில் போல்ட் தலை எப்படி இருக்கிறது? லேசான பழுப்பு பரவாயில்லை. அறுகோணக் குழி உருண்டு, சாவி பிடிக்காமல் வழுக்கினால், அந்த போல்ட்டைத் துளைத்துத்தான் எடுக்க வேண்டும். அதை எடுக்காமல் உங்கள் அளவுக்கு எதையும் மாற்ற முடியாது. அலுமினியக் குழாயைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால், உப்பு தின்ன ஆரம்பித்துவிட்டது என்று பொருள். டேப் சுற்றிய இடத்துக்குள் என்ன இருக்கிறதோ என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. ஓர் ஓரத்தைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். பிறகு முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசையுங்கள். ஹெட்செட்டில் டக் டக் என்று தட்டக் கூடாது. முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலைத் திருப்பினால் வெண்ணெய் போல் திரும்ப வேண்டும். நடுவில் ஓர் இடத்தில் மாட்டினால் பேரிங் குழி விழுந்துவிட்டது. பேரிங் மாற்றலாம், ஆனால் கேபிள் எல்லாம் அதன் வழியே போகும் மாடலில் கூலி பேரிங் விலையைத் தாண்டிவிடும்.

சீட் போஸ்ட்டைக் கழற்றிக் காட்டச் சொல்வது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். சொல்லுங்கள். வராமல் ஒட்டிக்கொண்டிருந்தால் பேரத்தை அங்கேயே முடித்துவிடலாம். சீட் உயரம் மாற்ற முடியாத சைக்கிளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வந்துவிட்டால், போஸ்ட் இறுக்கும் இடத்தைச் சுற்றி ஃபிரேமில் விரிசல் இருக்கிறதா என்று கைபேசி விளக்கடித்துப் பாருங்கள். வழுக்குகிற போஸ்ட்டை அளவுக்கு மேல் இறுக்கியவர்கள் நிறைய.

ஃபிரேமில் மற்ற இடங்கள்: ஹேண்டில் திரும்பி இடிக்கும் மேல்குழாய், செயின் கழன்று உரசும் பெடல் பகுதி, பின்சக்கரம் பூட்டும் முனை, ஃபோர்க்கின் தலை. பெயின்ட்டில் கீறல் இருந்தால் விரல் நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டினால் சந்தேகப்படுங்கள். காசால் தட்டும்போது ஓர் இடத்தில் மட்டும் சத்தம் மந்தமாக மாறினாலும் அப்படியே. ஒரு பகுதி மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

செயின் தேய்மானத்தை அளக்க அங்குலம் குறித்த ஓர் அளவுகோல் போதும். பன்னிரண்டு முழு இணைப்புகள் (உள் துண்டும் வெளித் துண்டும் சேர்ந்தது ஓர் இணைப்பு) சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் 11 வேக செயினுக்கு ஆயுள் முடிந்தது, கேசட்டும் (பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுப்பு) போயிருக்கலாம். பல்சக்கரங்களில் எத்தனை பல் என்றும் எண்ணுங்கள். பழைய டிரை பைக்குகள் முன்னால் 53/39, பின்னால் 11-25 என்று வரும். அது சமதளத்துக்கான கியர். அதை வைத்துக்கொண்டு லங்காவி மேடுகளை 120 கிலோமீட்டருக்குப் பிறகு ஏறிப் பாருங்கள், தெரியும். 50/34 அல்லது 52/36, பின்னால் 28 என்று மாற்றும் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிராங்க் ஷிமானோ அல்டெக்ரா அல்லது டியூரா-ஏஸ் 11 வேகம் என்றால் ஒரு கூடுதல் சோதனை உண்டு. ஒட்டிச் செய்த கிராங்க் கைகள் பிரிந்து உடையலாம் என்று 2023 செப்டம்பரில் ஷிமானோ அறிவித்தது. 2019 ஜூலைக்கு முன் தயாரான அல்டெக்ரா 6800, ஆர்8000, டியூரா-ஏஸ் 9000, ஆர்9100 ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. இன்று கைமாறும் டிரை பைக்குகளில் ஏராளமானவை இந்தக் காலத்தவை. கிராங்க் கையின் உள்பக்கத்தில் இருக்கும் தயாரிப்புக் குறியீட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கடையில் பரிசோதித்தார்களா என்று விற்பவரைக் கேளுங்கள். ஷிமானோவின் 105 ரக கிராங்க் என்றால் இந்தக் கவலை இல்லை.

ரிம் பிரேக்கோடு கார்பன் சக்கரம் வந்தால் பிரேக் கட்டை உரசும் இடத்தை விரலால் சுற்றித் தடவுங்கள். புடைப்பு தட்டினால் சூட்டில் உரிந்த சக்கரம். ஃபிரேசர் மலை, கெந்திங் இறக்கங்களில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் இப்படி ஆகும்.

கடைசியாக ஓட்டிப் பாருங்கள், ஆனால் வண்டி நிறுத்துமிடத்தில். முதல் நாளே ஏரோ பாரில் சாலைக்குப் போக வேண்டாம்.

பணம்

சொல்லும் விலையில் கால் பங்கைப் பழுதுக்கென்று தனியே எடுத்து வையுங்கள். 6,000 வெள்ளி கேட்டால், உங்களிடம் 7,500 இருந்தால்தான் பேசவே போக வேண்டும். டயர், செயின், கேபிள், பேரிங், ஃபிட்டிங் என்று அந்த 1,500 எங்கே போனதென்றே தெரியாமல் போகும். பேரம் பேசும்போது "போலே கூராங், பாஸ்?" (குறைக்க முடியுமா) என்று மொட்டையாகக் கேட்பதைவிட, பார்த்த குறைகளைச் சொல்லி, மாற்றும் செலவைச் சொல்லிக் கேட்டால் மரியாதையாகவும் இருக்கும், பலிக்கவும் செய்யும். "செயின், கேசட் ரெண்டும் போச்சு அண்ணே, அதை மட்டும் கழிச்சுக்குங்க" என்றால் பெரும்பாலும் கழிப்பார்கள்.

நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். "இன்னொருத்தர் வருகிறார், 500 வெள்ளி டூயிட்நவ் பண்ணுங்க" என்றால் அவருக்கே கொடுத்துவிடட்டும். பணம் கட்டுவதற்கு முன் வங்கிக் கணக்கு எண்ணையும் கைபேசி எண்ணையும் காவல்துறையின் செமாக் மூலே தளத்தில் போட்டுப் பாருங்கள். புகார் பதிவாகியிருந்தால் காட்டும். காட்டவில்லை என்பதால் மட்டும் ஆள் நல்லவர் என்று ஆகிவிடாது. பெடல் பகுதிக்கு அடியில் இருக்கும் வரிசை எண், பழைய ரசீது, இரண்டும் பொருந்துகிறதா என்று பாருங்கள். ரசீது தொலைந்திருந்தால், வரிசை எண்ணோடு விற்பனைச் சீட்டு ஒன்றை இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விமானத்திலோ, கோலப் பெர்லிஸ், கோலக் கெடா படகிலோ லங்காவிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால், ஏரோ பாரை எப்படிக் கழற்றிப் பெட்டியில் வைப்பது என்று விற்பவரையே ஒரு தடவை செய்து காட்டச் சொல்லிக் காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். வாங்குகிற நாளில் கேட்டால் சந்தோஷமாகக் காட்டுவார்.

வீட்டுக்கு வந்ததும்

ஓட்டுவதற்கு முன் எல்லா போல்ட்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, கிரீஸ் தடவி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் சாவியால் குறிப்பிட்ட அளவுக்கு இறுக்குங்கள். கார்பனும் கார்பனும் சேரும் இடத்தில் கிரீஸ் வேண்டாம், அதற்கென்று இருக்கும் கார்பன் பேஸ்ட்டைப் போடுங்கள். டிரெய்னரில் ஏறும்போது ஸ்டெம் மேல் ஒரு துண்டைப் போட்டு, முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

முதல் சில வாரங்களில் உங்கள் நிலை மாறிக்கொண்டே இருக்கும். இன்று தாழ்வாகப் பிடித்தது அடுத்த மாதம் கழுத்தில் ஏறும். அதனால் கம்பி நீளமாக இருக்கிறது, ஸ்பேசர் அசிங்கமாகத் தெரிகிறது என்று ஏரோ பார் முனையையோ ஃபோர்க்கின் மேல்பகுதியான ஸ்டீயரர் குழாயையோ அவசரப்பட்டு வெட்டாதீர்கள். ஒரு முழுப் போட்டியை அந்த நிலையில் முடித்த பிறகு வெட்டிக்கொள்ளலாம். அதற்குள் விற்க வேண்டி வந்தாலும், வெட்டாத ஃபோர்க் இருந்தால் உங்களைவிட உயரமான ஒருவருக்கும் அந்தச் சைக்கிளைத் தள்ளிவிடலாம்.